அறுபது வெள்ளிக்கு மகஜர் எழுதக் கற்றுத் தருகிறார்கள்: பிரிக்பீல்ட்ஸ் பெற்றோர் பயிற்சி, காசுக்குத் தகுமா?

பிள்ளையை எந்தப் பள்ளியில் போடுவது என்பதைப் பெற்றோரே முடிவு செய்யட்டும், அரசாங்கப் பணம் அந்தப் பிள்ளையின் பின்னாலேயே போகட்டும். அமெரிக்காவில் 30 ஆண்டுகளுக்கு மேலாக நடக்கும் இந்த வாதத்தை மலேசியாவில் நம் ஊர் பெற்றோருக்கு அறிமுகப்படுத்தி, அதற்காக எம்பியிடம் எப்படிப் பேசுவது, மகஜரை, அதாவது கோரிக்கை மனுவை, எப்படி எழுதுவது என்று ஒரு சனிக்கிழமை முழுக்கச் சொல்லித் தருகிறார்கள். காலை 9 முதல் மாலை 5 வரை. தலைக்கு 60 வெள்ளி (ரிங்கிட்), கணவன் மனைவி சேர்ந்து வந்தால் 100. தமிழில் ஒரு கையேடு, பசியாறல், மதியச் சாப்பாடு எல்லாம் அதில் அடக்கம். இடம் கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ், கேஎல் சென்ட்ரல் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். நடத்துபவர்கள் ஒரு தன்னார்வக் குழு. பேசுபவர்கள் இருவர்: ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், வழக்கறிஞர் ஒருவர்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். மதியத்துக்குப் பிறகு வரும் மகஜர் பகுதிக்கு மட்டுமே 60 வெள்ளி தகும். காலைப் பகுதி கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதை அப்படியே நம்பி வேலையில் இறங்கினால் ஒரு வருடம் வீணாகும்.

காலையில் மில்வாக்கியில் தொடங்குகிறார்கள். 1990இல் விஸ்கான்சின் மாநிலம் அந்த நகரத்துக்கென்று ஒரு சட்டம் போட்டது. ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள் அரசாங்கச் செலவில் தனியார் பள்ளிக்குப் போகலாம். குடும்ப வருமானம் வறுமைக் கோட்டின் 175 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது, நகரத்து அரசுப் பள்ளி மாணவர் எண்ணிக்கையில் 1 விழுக்காட்டுக்கு மேல் சேரக்கூடாது, சமயப் பள்ளிகளுக்கு இடமில்லை. முதல் ஆண்டில் 7 பள்ளிகள், ஏறக்குறைய 340 பிள்ளைகள். அந்தச் சட்டத்தை முன்னின்று கொண்டுவந்தவர் பாலி வில்லியம்ஸ். ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்த கறுப்பினச் சட்டமன்ற உறுப்பினர். குடியரசுக் கட்சி ஆளுநரோடு கைகோத்துத்தான் அதை நிறைவேற்றினார். அடுத்து வாஷிங்டன் டிசி. அங்கே வர்ஜீனியா வால்டன் ஃபோர்ட் என்ற தாய் மற்ற பெற்றோரைத் திரட்டிக்கொண்டு நாடாளுமன்ற அலுவலகங்களுக்கு நடையாய் நடந்தார். 2004 ஜனவரியில் சட்டம் வந்தது, ஆண்டுக்கு ஒரு பிள்ளைக்கு 7,500 டாலர் வரை. இடையில் 2002இல் கிளீவ்லாந்து வழக்கு: சமயப் பள்ளிக்கு இந்தப் பணம் போவது செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்று தீர்ப்புச் சொன்னது.

இவ்வளவும் சரி, கையேட்டில் ஆண்டுகளும் பிசகில்லை. ஆனால் வென்ற கதைகளை மட்டும் அடுக்கியிருக்கிறார்கள். அரிசோனா விட்டுப்போயிற்று. 2017இல் அங்கே இந்தத் திட்டத்தை எல்லாப் பிள்ளைகளுக்கும் விரிக்கச் சட்டம் போட்டபோது, அதை எதிர்த்துக் கையெழுத்துத் திரட்டி 2018இல் வாக்கெடுப்புக்குக் கொண்டுபோய்த் தோற்கடித்தவர்களும் பெற்றோர்தான். அரசுப் பள்ளியின் பணம் கரைந்துவிடும் என்பது அவர்கள் பயம். 2022இல் சட்டமன்றம் மறுபடியும் சட்டம் போட்டு எல்லாருக்கும் திறந்துவிட்டது வேறு கதை. 2024 நவம்பரில் நெப்ராஸ்கா, கென்டக்கி இரண்டிலும் வாக்காளர்கள் வேண்டாம் என்றார்கள். பாலி வில்லியம்ஸே பிற்காலத்தில் வருமான வரம்பைத் தூக்குவதை எதிர்த்தார், ஏழைக்கென்று வந்த திட்டம் வசதியுள்ளவர் கைக்குப் போகிறது என்று. இதையெல்லாம் கேட்காமல் எம்பி முன் போய் உட்கார்ந்தால் முதல் கேள்வியிலேயே திணற வேண்டியிருக்கும். எதிர்த்தரப்பு என்ன சொல்லும் என்று தெரியாதவர் எழுதும் மகஜர் அரைகுறைதான்.

பெரிய குறை அடுத்த மணி நேரத்தில் வருகிறது. "நம் எம்பியிடம் தனிநபர் மசோதா கொண்டுவரச் சொல்லுங்கள்" என்கிறார்கள். மலேசியாவில் அது நடக்காது. கூட்டரசு அரசமைப்புச் சட்டத்தின் 67ஆம் பிரிவு தெளிவாக இருக்கிறது: வரி, கடன், அரசாங்க நிதியிலிருந்து செலவு ஆகியவற்றைத் தொடும் மசோதாவை அமைச்சர்தான் கொண்டுவர முடியும். கல்வி உதவித்தொகை என்றாலே அரசாங்கச் செலவு. ஆகவே அமைச்சராக இல்லாத பின்னிருக்கை எம்பி எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அந்தக் கதவு அவருக்குப் பூட்டித்தான் இருக்கும். வழக்கறிஞர் ஒருவரை மேடையில் வைத்துக்கொண்டு இதைச் சொல்லாமல் விட்டது எப்படி என்பது புரியவில்லை.

பினாங்கிலிருந்து பேருந்து பிடித்து வருபவர்களுக்கு இன்னொன்று சொல்ல வேண்டும். கல்வி அரசமைப்புச் சட்டத்தின் ஒன்பதாவது அட்டவணைப்படி கூட்டரசின் அதிகாரம். பினாங்குச் சட்டமன்றத்தின் 40 உறுப்பினர்களில் யாரைப் பிடித்தாலும் பள்ளி உதவித்தொகைக்குச் சட்டம் போட முடியாது. மாநில அரசு தன் பணத்திலிருந்து மானியம் தரலாம், பினாங்கில் இருக்கும் 28 தமிழ்ப்பள்ளிகளுக்கும் அப்படித் தந்து வருகிறது. எனவே பினாங்குப் பெற்றோருக்குக் கதவு இரண்டு: கொம்தாரில் இருக்கும் மாநில அரசிடம் மானியம், கோலாலம்பூரில் கொள்கை. கோலாலம்பூர்க்காரர்களுக்கோ கதவு ஒன்றுதான். கூட்டரசுப் பிரதேசம் என்பதால் சட்டமன்றமே கிடையாது. 11 எம்பிக்கள், அவ்வளவுதான்.

வரிச் சலுகை பற்றியும் ஒரு குழப்பம். அமெரிக்காவில் 2025 ஜூலையில் கையெழுத்தான சட்டப்படி, 2027 முதல் உதவித்தொகை நிறுவனத்துக்கு நன்கொடை தருபவர் 1,700 டாலர் வரை தன் வரியிலிருந்தே கழித்துக்கொள்ளலாம். 1,700 கொடுத்தால் கட்ட வேண்டிய வரியில் 1,700 குறையும். "இதே போல இங்கேயும் கேட்போம், ஏற்கெனவே 44(6) இருக்கிறதே" என்கிறது கையேடு. இரண்டும் ஒன்றல்ல. நம் வருமான வரிச் சட்டத்தின் 44(6) கழிப்பது வருமானத்திலிருந்து, அதுவும் மொத்த வருமானத்தில் 10 விழுக்காடு வரைதான். 11 விழுக்காடு வரி கட்டுகிறவர் அங்கீகாரம் பெற்ற அமைப்புக்கு 1,000 வெள்ளி கொடுத்தால் அவருக்கு மிச்சமாவது 110 வெள்ளி. மீதி 890 அவர் கைக்காசு. இந்தக் கணக்கை நிதியமைச்சு அதிகாரி ஒரு நிமிடத்தில் போட்டுக் காட்டிவிடுவார். நாம் வாய் பிளந்து நிற்பதற்கு முன் நாமே போட்டுப் பார்ப்பது நல்லது.

சொல்லாமல் விட்டவற்றில் எங்களுக்கு மிகவும் வருத்தம் தந்தவை இரண்டு. ஒன்று, அரசமைப்புச் சட்டத்தின் 12ஆம் பிரிவு. பொதுப் பணத்திலிருந்து மாணவருக்குக் கல்வி உதவி தரும்போது சமயம், இனம், வம்சாவளி, பிறந்த இடம் ஆகியவற்றை வைத்துப் பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது அது. அந்த மாணவர் படிக்கும் கல்விக்கூடம் அரசு நடத்துவதாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் இது பொருந்தும் என்று வாசகமே இருக்கிறது. பணம் பிள்ளையின் பின்னால் போகட்டும் என்று வாதாடுகிறவருக்கு இதைவிட நல்ல பிடி கிடைக்காது. இரண்டு, 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் 2ஆம் பிரிவு. ஒரு தேசியப் பள்ளியில் 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தமிழ்மொழி கற்பிக்க வசதி செய்ய வேண்டும் என்று அங்கே இருக்கிறது, தேசிய இடைநிலைப்பள்ளிக்கும் அப்படியே. ஆறாம் ஆண்டு முடித்து வரும் பிள்ளைக்கு நாட்டில் தமிழ் இடைநிலைப்பள்ளி கிடையாது. இந்த 15 கையெழுத்துதான் அவர்கள் கையில் இருக்கும் ஆயுதம். புதுச் சட்டமே வேண்டாம். 15 பெற்றோர், மாணவரின் பெயர், வகுப்பு, மைகிட் (சிறுவர் அடையாள அட்டை) அல்லது அடையாள அட்டை எண், கையெழுத்து, தேதி. பள்ளி முதல்வருக்கு அசல், மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு நகல். 15 சரியாக இருந்தால் போதாது, 20 வாங்குங்கள். இரண்டு பேர் பள்ளி மாறிப் போய்விட்டால் எண்ணிக்கை விழுந்துவிடும்.

இனி மதியப் பகுதி. இங்கேதான் அந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் கலக்குகிறார். எல்லாரையும் மகஜரின் முதல் வரியை எழுதச் சொல்கிறார். பத்தில் எட்டுப் பேர் எழுதுவது இப்படி இருக்கும்: "தமிழ்ப்பள்ளி மாணவர்களின் எதிர்கால நலன் கருதி ஆவன செய்யுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்." அதை வெண்பலகையில் எழுதி, சிவப்புப் பேனாவால் ஒவ்வொரு சொல்லாக அடிக்கிறார். "எந்தப் பிள்ளை? எத்தனை பேர்? எவ்வளவு? எத்தனை மாதம்? யார் கொடுக்கணும்?" கேட்டுக் கேட்டு, கடைசியில் பலகையில் நிற்கும் வரி வேறு மாதிரி இருக்கிறது: "செந்தூல் வட்டாரத்தில் வீட்டிலிருந்து 2 கிலோமீட்டருக்கு அப்பால் தமிழ்ப்பள்ளிக்குப் போகும் 40 மாணவர்களுக்கு மாதம் 150 வெள்ளி வேன் கட்டண உதவி வேண்டும், 11 மாதத்துக்கு மொத்தம் 66,000 வெள்ளி." பயிற்சிக்காகப் போட்ட எண்கள்தான். ஆனால் இந்த ஒரு வரிக்காகவே இந்த வகுப்புக்குப் போகலாம்.

அந்த உதாரணத்தை அவர் சும்மா எடுக்கவில்லை. தமிழ்ப்பள்ளியில் கல்விக் கட்டணம் இல்லை. கோலாலம்பூர் முழுக்க 15 தமிழ்ப்பள்ளிகள்தான். வீட்டுக்குப் பக்கத்தில் தேசியப் பள்ளி நடக்கும் தூரத்தில் இருக்க, தமிழ்ப்பள்ளிக்கு வேன் வைக்க வேண்டும். பள்ளியைத் தேர்ந்தெடுப்பதற்கு இங்கே நாம் கொடுக்கும் விலை அந்த வேன் காசு. வருமானம் பார்க்காமல் எல்லா மாணவருக்கும் வரும் 150 வெள்ளி தொடக்க உதவி ஆண்டுக்கு ஒரு தடவை, அதில் சப்பாத்தும் புத்தகப்பையும் வாங்கினால் முடிந்தது. கட்டணமே கட்ட வேண்டிய இடம் என்றால் தனியார் பாலர் பள்ளி. அங்கே இந்திய சமூகத்துக்கான அரசாங்கப் பிரிவான மித்ரா வழியாகக் கட்டண மானியம் தந்த முன்னுதாரணம் ஏற்கெனவே இருக்கிறது. அமெரிக்கச் சட்டத்துக்கு மிகப் பக்கத்தில் நிற்கும் நம் ஊர்ச் சங்கதி அதுதான், காலைப் பேச்சாளர் அதைத் தொடவே இல்லை.

மகஜரின் அமைப்பு பற்றி அவர் சொன்னவை எல்லாம் நடைமுறைக்கு உகந்தவை. இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம். மலாயில் எழுத வேண்டும், தமிழ்ச் சுருக்கம் கையெழுத்துப் போடும் பெற்றோருக்காக. முதல் பத்தியில் கோரிக்கையும் தொகையும். இரண்டாம் பத்தியில் இப்போது என்ன உதவி கிடைக்கிறது, எங்கே இடைவெளி. மூன்றாவதில் பணம் எந்த ஒதுக்கீட்டிலிருந்து வரலாம் என்ற யோசனை. கடைசியில் தொடர்புக்கு இரண்டு பேர். ஒருவர் மட்டும் என்றால் அவர் வேலை மாறிப் போனதும் மகஜர் அநாதை. அனுப்பும் இடங்களுக்கு வரிசை இருக்கிறது: கல்வியமைச்சு, நிதியமைச்சு, எம்பி சேவை மையம், அந்தந்த வட்டாரக் கல்வி அலுவலகம். கோலாலம்பூரில் அது பங்சார்-பூடு, கிராமாட், செந்தூல் என்று மூன்றாகப் பிரிந்திருக்கிறது. தவறான அலுவலகத்தில் கொடுத்தால் திருப்பி அனுப்பவே இரண்டு வாரம் ஓடும். கொடுத்த இடத்தில் எல்லாம் நகலில் 'தெரிமா' (பெற்றுக்கொண்டோம்) முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ள வேண்டும். முத்திரை இல்லாத மகஜர் கொடுக்காத மகஜருக்குச் சமம் என்றார், உண்மைதான்.

கையெழுத்துத் தாளைப் பற்றி ஒரு சச்சரவு எங்களுக்கு உண்டு. அவர்கள் தரும் மாதிரியில் பெயர், அடையாள அட்டை எண், முகவரி, கையெழுத்து என்று நான்கு கட்டங்கள். முகவரிக்குப் பதில் வாக்களிக்கும் நாடாளுமன்றத் தொகுதி என்று ஒரு கட்டம் வேண்டும். கெப்போங்கில் குடியிருந்துகொண்டு சுங்கை சிப்புட்டில் ஓட்டுப் போடுகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்! எம்பி அலுவலகம் பார்ப்பது, இதில் எத்தனை பேர் என் வாக்காளர் என்பதைத்தான். தேர்தல் ஆணையத்தின் இணைப்பக்கத்தில் அடையாள அட்டை எண்ணைத் தட்டினால் தொகுதி தெரிந்துவிடும், கையெழுத்து வாங்கும்போதே கைப்பேசியில் பார்த்து எழுதிவிடலாம். பத்துத் தொகுதியில் சிதறிய 500 கையெழுத்தைவிட ஒரே தொகுதியில் 120 கனமானது. முழு அடையாள அட்டை எண்ணைத் தாளில் திறந்து வைத்துக் கடைகடையாகக் கொண்டுபோவதும் வேண்டாத வேலை, கடைசி 4 எண் போதும்.

மூன்று நிமிடப் பேச்சுப் பயிற்சி ரசிக்கும்படி இருந்தது. ஒருவர் எம்பியாக உட்காருகிறார், கைப்பேசி அடிக்கிறது, உதவியாளர் வந்து காதில் ஏதோ சொல்கிறார், நடுவில் "சாப்பிட்டீங்களா அண்ணே" என்று பேச்சை மாற்றுகிறார். இதற்குள் கோரிக்கையைச் சொல்லி முடிக்க வேண்டும். முக்கால்வாசிப் பேர் முதல் இரண்டு நிமிடத்தை வணக்கத்திலும் வரலாற்றிலும் செலவழித்துவிட்டுத் தொகையைச் சொல்வதற்குள் மணி அடித்துவிடுகிறது. கூடவே எம்பியிடம் என்ன கேட்கலாம் என்ற பட்டியலையும் தந்தால் இன்னும் நன்றாக இருக்கும். மசோதா முடியாது என்றாலும், மக்களவையில் எழுத்துபூர்வக் கேள்வி கேட்கச் சொல்லலாம், அமைச்சின் பதில் பதிவில் ஏறும். வரவு செலவுத் திட்ட விவாதத்தில் அந்த 66,000 வெள்ளியைச் சொல்லச் சொல்லலாம். பெற்றோர் மனுவை அவையில் முறைப்படி சமர்ப்பிக்கவும் ஓர் உறுப்பினர் வேண்டும்.

எப்போது கொடுப்பது என்பதற்கு அரைப் பக்கம்கூட ஒதுக்கவில்லை. அண்மை ஆண்டுகளில் வரவு செலவுத் திட்டம் அக்டோபரில் தாக்கலாகிறது: 2023இல் 13ஆம் தேதி, 2024இல் 18, 2025இல் 10. அமைச்சுகள் தங்கள் மதிப்பீட்டை அதற்கு வெகு முன்பே நிதியமைச்சிடம் கொடுத்துவிடும். செப்டம்பரில் மகஜர் கொடுத்துப் படம் எடுத்துப் புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) போட்டால் லைக் கிடைக்கும், ஒதுக்கீடு கிடைக்காது. ஜனவரியில் பிள்ளைகளை எண்ணி, மார்ச்சுக்குள் மகஜரை முடித்து, ஏப்ரலில் கொடுத்து, நிதியமைச்சு பொதுமக்களிடம் யோசனை கேட்கும்போது அதே இரண்டு பக்கத்தை அங்கேயும் போட வேண்டும்.

கூட்டம் கூடுவது பற்றி வந்த கேள்விக்கு "அமைதியா நின்னா ஒண்ணும் பிரச்சினை இல்ல" என்று பதில் சொன்னது பொறுப்பில்லாத பேச்சு. 2012ஆம் ஆண்டு அமைதிப் பேரணிச் சட்டப்படி காவல் துறைக்கு 5 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும். பள்ளியும் பாலர் பள்ளியும் தடைசெய்யப்பட்ட இடங்கள், அவற்றிலிருந்து 50 மீட்டருக்குள் பேரணி கூடாது. பள்ளி வாசலில் பதாகை பிடிப்பதுதான் பெற்றோருக்கு முதலில் தோன்றும் யோசனை என்பதால் இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். 15 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளைப் பேரணிக்கு அழைத்துவருவதும் குற்றம். சீருடையில் பிள்ளைகளை முன்னால் நிறுத்தினால் படத்துக்கு அழகு, வழக்குக்கும் அழகு. நான்கைந்து பேர் முன்கூட்டியே நேரம் வாங்கிச் சேவை மையத்தில் போய்க் கொடுத்தால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை.

அதே போல, பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்கு வெளியே தனிக் குழுவாக இயங்க நினைப்பவர்கள் 7 பேர் சேர்ந்தாலே சங்கப் பதிவுச் சட்டம் வந்துவிடும் என்பதைக் கையேடு ஒரு வரியில் சொல்கிறது, சரிதான். நன்கொடை வாங்கும் எண்ணம் இருந்தால் அந்த ஒரு வரியை இரண்டு தடவை படியுங்கள்.

மற்றவை: இடியாப்பமும் சொதியும் பசியாறலுக்கு நன்றாக இருந்தன, மதியம் வாழையிலைச் சாப்பாடு சுமார். குளிர்சாதனம் மிதமிஞ்சி ஓடுகிறது, மேல்சட்டை கொண்டுபோங்கள். சனிக்கிழமை அந்த வட்டாரத்தில் கார் நிறுத்த இடம் தேடுவது தனித் தண்டனை, ரயிலில் வாருங்கள். பயிற்சிக்குப் பின் புலனக் குழுவில் சேர்க்கிறார்கள். மகஜர் வரைவை அனுப்பினால் மூன்று நாளில் அந்தத் தலைமையாசிரியரே திருத்தி அனுப்புகிறார், அதற்குத் தனிக் காசு இல்லை. இது பெரிய விஷயம்.

ஐந்துக்கு மூன்றரை. மகஜர் எழுத வேண்டிய பெற்றோர் ஆசிரியர் சங்கச் செயலாளர்கள், சிறப்புக் கல்விப் பிள்ளைகளின் பெற்றோர், பாலர் பள்ளி நடத்துபவர்கள் கட்டாயம் போகலாம். பதிவு செய்யும்போது மதியம் மட்டும் வரலாமா என்று கேளுங்கள். 35 வெள்ளிக்கு அரைநாள் இடம் தருகிறார்கள், விளம்பரத்தில் அது இல்லை. போகும்போது உங்கள் பள்ளியில் வேன் வைத்திருக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கையையும் மாதக் கட்டணத்தையும் எழுதி எடுத்துப்போனால், மாலை 5 மணிக்குக் கையில் பாதி முடிந்த மகஜரோடு இறங்கலாம்.